ஒரு நாடு வர்த்தக உடன்படிக்கையிலிருந்து ஏன் விலகுகிறது?

மாம்புரியில் நடந்த விவசாயிகள் வகுப்பொன்றில், முசலிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே குத்தகைக் காணியில் வெங்காயம் செய்யும் ஒருவர் எழுந்து கேட்டார்: "பாதர், இந்தியா ஏழு வருடம் பேசிப் பேசிக் கடைசி நாளில் கையெழுத்து வைக்காமல் எழுந்து போனதாம். அப்படிப் போகலாமா? போனால் மற்ற நாடுகள் சும்மா விடுமா? அதனால் விவசாயிக்கு ஏதாவது கிடைத்ததா?" மூன்று கேள்வியும் நல்ல கேள்விகள். அன்று விளக்குவதற்கு நேரம் போதவில்லை. ஆகவே இந்தப் பாடத்தை அவருக்கும், அவரைப் போல யோசிக்கும் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

தீர்வை என்னும் வேலி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்தவை. நமது மணல் காணியில் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, எண்ணெய் அடித்து, உரமும் மருந்தும் போட்டு ஒரு கிலோ வெங்காயம் எடுக்க 150 ரூபா முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு வெங்காயம் கொழும்புத் துறைமுகத்தில் 100 ரூபாவுக்கு வந்து இறங்குகிறது. அரசாங்கம் அதன்மேல் 60 ரூபா தீர்வை போட்டால் புறக்கோட்டையில் அதன் விலை 160 ரூபா. நமது வெங்காயமும் விற்கும். அந்த 60 ரூபாவை எடுத்துவிட்டால் வந்த வெங்காயம் 100 ரூபாவுக்கு விற்கும். நமது வெங்காயம் மூடையில் இருந்து முளைக்கும். தீர்வை என்பது தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய வேலி மாதிரி. மாடு வராமல் தடுக்கும். ஆனால் வேலிக்கு உள்ளே இருப்பவன் நினைத்த விலையைச் சொல்லவும் அது இடம் கொடுக்கும் என்பதை மறக்கக்கூடாது.

சுதந்திர வர்த்தக உடன்படிக்கை என்பது, "உன் வேலியை நீ எடு, என் வேலியை நான் எடுக்கிறேன்" என்று நாடுகள் எழுதிக்கொள்வது. எந்தப் பொருளுக்கு எத்தனை ஆண்டில் தீர்வையைக் குறைப்பது, எந்தப் பொருளைத் தொடவே கூடாது என்று பட்டியல் போடுவார்கள். தொடக்கூடாத பொருள்களின் பட்டியலை எதிர்மறைப் பட்டியல் என்பார்கள். விவசாயிக்கு இந்த உடன்படிக்கைகளில் மிக முக்கியமான பக்கம் அதுதான். முன்பக்கத்தில் இருக்கும் நட்புறவு வசனங்களைப் படித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பின்னால் இருக்கும் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

நமது நாட்டுக்கு இதில் அனுபவம் உண்டு. 1998 டிசம்பர் 28ஆந் திகதி இலங்கையும் இந்தியாவும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2000 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1,180 பொருள்களை எதிர்மறைப் பட்டியலில் வைத்துக்கொண்டது. விவசாயப் பொருள்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கியது. ஆகவே, "இந்தியாவோடு செய்த உடன்படிக்கையால்தான் என் வெங்காயம் விலைபோகவில்லை" என்று சொல்வது முழுச் சரியல்ல. அதைப் பின்னால் பார்ப்போம்.

பாங்கொக்கில் நடந்தது

2012 நவம்பரில், கம்போடியாவின் புனோம் பென் நகரில், பதினாறு நாடுகள் ஒரு பெரிய உடன்படிக்கைக்கான பேச்சைத் தொடக்கின. தென்கிழக்காசியாவின் பத்து நாடுகள், அவற்றுடன் சீனா, ஜப்பான், தென்கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. பிராந்திய விரிவான பொருளாதாரப் பங்குடைமை என்பது இதன் நீண்ட பெயர். செய்திகளில் ஆர்செப் என்று சுருக்கிச் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். ஏழு ஆண்டு பேச்சுக்குப் பிறகு, 2019 நவம்பர் 4ஆந் திகதி பாங்கொக் மாநாட்டில், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தமது நாடு சேராது என்று அறிவித்தார். காந்தியடிகளின் தாயத்தும் தமது மனச்சாட்சியும் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்று அவர் காரணம் கூறினார். (எந்த முடிவையும் எடுக்குமுன் நீ கண்ட ஆகப் பெரிய ஏழையின் முகத்தை நினைத்துப் பார் என்று காந்தி சொன்ன அறிவுரையைத்தான் தாயத்து என்கிறார்கள்.) அதே நாளில் இந்தியாவின் பல இடங்களில் விவசாயிகள் சங்கங்கள் இந்த உடன்படிக்கைக்கு எதிராக வீதியில் நின்றன.

மீதிப் பதினைந்து நாடுகளும் 2020 நவம்பர் 15ஆந் திகதி கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் உடன்படிக்கை நடைமுறையில் உள்ளது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இந்தியா கையெழுத்து வைத்துவிட்டு விலகவில்லை, வைக்குமுன் எழுந்தது. கலியாணம் பேசி நிச்சயத்துக்கு முன் மறுப்பதற்கும் தாலி கட்டிய பின் பிரிவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அமெரிக்காவும் 2017 ஜனவரியில் பசுபிக் நாடுகளோடு செய்த உடன்படிக்கையிலிருந்து வெளியேறியது. அதுவும் நடைமுறைக்கு வருமுன்பே. நடைமுறைக்கு வந்த பின் விலகுவதற்கும் வழி உண்டு. ஆர்செப்பிலேயே, ஒரு நாடு எழுத்தில் அறிவித்தல் கொடுத்தால் ஆறு மாதத்தில் விலகிவிடலாம். சட்டத்தில் இது சுலபம். ஆனால் தென்னமெரிக்காவில் வெனிசுவேலா 2006 ஏப்ரலில் ஆண்டிய நாடுகளின் கூட்டிலிருந்து விலகியபோது, பழைய தீர்வைச் சலுகைகள் மேலும் ஐந்து ஆண்டு நீடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டின் விதி அப்படி. அதற்குள் தொழிற்சாலைகளும் லொறிகளும் வியாபாரிகளும் அந்தச் சந்தைக்குப் பழகிவிடுகிறார்கள். உள்ளே போவதை விட வெளியே வருவது எப்போதும் செலவு கூடியது. "போகலாமா?" என்ற முதலாவது கேள்விக்குப் பதில்: போகலாம், பிந்தப் பிந்த விலை கூடும்.

பாலும் மிளகும்

இந்தியா ஏன் பின்வாங்கியது? பெரிய காரணம் சீனா. 2018-19 நிதியாண்டில் இந்தியா சீனாவிடம் ஏறத்தாழ 7,000 கோடி டொலருக்குப் பொருள் வாங்கியது. விற்றது 1,700 கோடி டொலருக்குள்தான். தீர்வை இருக்கும்போதே இப்படியென்றால், எடுத்த பின் என்ன ஆகும் என்று ஆலைக்காரர்கள் பயந்தார்கள். இறக்குமதி ஓர் அளவுக்கு மேல் பெருகினால் தீர்வை தானாக ஏற ஒரு பொறி வேண்டும் என்று இந்தியா கேட்டது. 2014ஆம் ஆண்டுத் தீர்வையிலிருந்து குறைக்கத் தொடங்குவது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதன்பின் தான் பல தீர்வைகளை ஏற்றியிருந்தபடியால் 2019ஐ அடிப்படையாக எடுக்க வேண்டும் என்று இந்தியா நின்றது. இவற்றில் அதன் விருப்பப்படி இணக்கம் வரவில்லை. ஏழை விவசாயிக்காக மட்டும் எழுந்து போனார்கள் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். ஆலைக்காரர்களின் குரலும் அந்த அறைக்குள் கேட்டது.

மறு பாதி பால். அது நாம் விரிவாகப் பார்க்க வேண்டியது.

உலகத்தில் ஆகக் கூடுதலாகப் பால் எடுக்கும் நாடு இந்தியா. 2018-19இல் ஏறத்தாழ 18 கோடி 70 இலட்சம் தொன். இந்தப் பால் பெரிய பண்ணைகளிலிருந்து வருவதில்லை. இரண்டு மாடு, மூன்று எருமை வைத்திருக்கும் கோடிக்கணக்கான வீடுகளில் இருந்து, பெரும்பாலும் பெண்களின் கையால் கறந்து, காலையும் மாலையும் கிராமத்துச் சங்கத்தில் அளந்து ஊற்றப்படுகிறது. நிலமில்லாத குடும்பத்துக்கும் வரப்புப் புல்லை வைத்து ஒரு மாடு வளர்க்க முடியும். நெல்லும் பருத்தியும் பொய்த்த ஆண்டிலும் அந்தக் காசு வீட்டுக்கு வரும்.

எதிர்ப்பக்கத்தில் நியூசிலாந்து. மக்கள் தொகை ஏறத்தாழ 50 இலட்சம்; கறவை மாடுகளும் ஏறத்தாழ அவ்வளவு. நூறு லீட்டர் பாலில் 95 லீட்டரளவு பால்மாவாகவும் வெண்ணெயாகவும் கப்பலேறுகிறது. அங்கே மழை நிறைய, புல் நிறைய, ஒரு பண்ணையில் நூற்றுக்கணக்கான மாடுகள். கெட்டிக்காரத்தனமான விவசாயிகள், அவர்கள்மேல் நமக்குக் கோபம் வேண்டியதில்லை. ஆனால் இந்தியா வெளியிலிருந்து வரும் பால்மாவுக்கு 60 வீதத் தீர்வை போட்டிருந்தது. குறிப்பிட்ட சிறிய அளவுக்குள் வந்தால் மட்டும் 15 வீதம். இந்த வேலி எடுபட்டால், வரும் பால்மா இந்தியப் பாலோடு ஒப்பிடச் சிறிதாக இருந்தாலும், கூட்டுறவுகள் விவசாயிக்குக் கொடுக்கும் விலையைக் கீழே இழுத்துவிடும். குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், துருசில் ஒரு சிறு திறப்பு மட்டத்தை இறக்கிவிடுமல்லவா? குஜராத்தின் அமுல் கூட்டுறவு இதை வெளிப்படையாகவே எதிர்த்தது.

இந்தியாவுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. தென்கிழக்காசிய நாடுகளோடு 2009 ஓகஸ்ட் 13ஆந் திகதி கையெழுத்திட்ட உடன்படிக்கை 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மிளகின் தீர்வையை 70 வீதத்திலிருந்து 50 வீதத்துக்கும், சுத்திகரிக்காத பாமாயிலின் தீர்வையை 80இலிருந்து 37.5 வீதத்துக்கும் படிப்படியாக, 2019 முடிவுக்குள் இறக்குவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. தென்னையையும் மிளகையும் நம்பிய கேரளத்து விவசாயிகள் அப்போதே எதிர்த்து, 2009 ஒக்டோபர் 2ஆந் திகதி மாநிலம் நெடுகக் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். பாமாயில் மலிந்தால் தேங்காயெண்ணெய்க்கு என்ன நடக்கும் என்பதைப் புத்தளத்துத் தென்னந்தோட்டக்காரருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த நாடுகளுடனான இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை 2010-11இல் ஏறத்தாழ 500 கோடி டொலர். 2018-19இல் 2,100 கோடி டொலரைத் தாண்டியது. பாங்கொக்கில் உட்கார்ந்திருந்தவர்களின் மேசையில் இந்தக் கணக்கும் இருந்தது.

இன்னொரு காரணம் நம்மையே தொடுகிறது; கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயமும்கூட. இந்திய உடன்படிக்கையின்படி இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 தொன் வரை தீர்வையின்றி இந்தியாவுக்குப் போகலாம். மாத்தளை, கண்டி, கேகாலைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் சில வியாபாரிகள் வியட்நாம் மிளகை மலிவாகக் கொண்டுவந்து, இலங்கை மிளகு என்று பத்திரம் எடுத்து இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று கேரளத்தில் பெரும் கூச்சல் எழுந்தது. 2017 டிசம்பரில், கிலோவுக்கு இந்திய ரூபா 500க்குக் குறைந்த மிளகு உள்ளே வரக்கூடாது என்று இந்தியா விலை எல்லை போட்டது. கள்ளப் பத்திரம் எழுதியவன் வேறு பொருளுக்குப் போய்விடுவான். கொடியிலிருந்து மிளகு பறித்தவன்தான் இரண்டு நாட்டிலும் மாட்டிக்கொண்டான். ஒரு பொருள் உண்மையில் எந்த நாட்டில் விளைந்தது என்று நிச்சயிக்கும் விதி இறுக்கமாக இல்லாவிட்டால், ஒரு நாட்டோடு செய்த உடன்படிக்கை உலகம் முழுவதுக்கும் பின்கதவாகிவிடும். ஆர்செப்பிலும் இந்தியாவுக்கு இந்தப் பயம் இருந்தது: மற்ற நாடுகளின் பெயரில் சீனப் பொருள் வரும் என்று.

"மற்றவர்கள் சும்மா விட்டார்களா?" விட்டார்கள். விரும்பினால் எப்போதும் வந்து சேரலாம் என்று இந்தியாவுக்கு மட்டும் கதவைத் திறந்தே வைத்தார்கள். வேறு நாடுகள் பதினெட்டு மாதம் பொறுக்க வேண்டும் என்பது விதி. பெரிய சந்தையுள்ள நாட்டுக்குக் கிடைக்கும் மரியாதை அது. நமக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பிறகு இந்தியா 2022 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவோடு தனியே உடன்படிக்கை செய்தது. அதில் பாலையும் பால் பொருள்களையும் வெளியே வைத்துக்கொண்டது. சபையில் பதினைந்து பேருக்கு நடுவில் பெற முடியாததை ஒருவரோடு தனியே இருந்து பேசிப் பெற்றது.

ஆனால் அதே அரசாங்கத்தின் மறு முகத்தையும் சொல்ல வேண்டும். பாங்கொக் மாநாட்டுக்கு ஐந்து வாரத்துக்கு முன், 2019 செப்டெம்பர் 29ஆந் திகதி, உள்நாட்டில் விலை ஏறியபடியால் இந்தியா வெங்காய ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. 2023 டிசம்பரிலும் அப்படியே நிறுத்தி, 2024 மே மாதத்தில்தான் நீக்கியது. நகரத்து அடுப்பைக் காக்க, நாசிக் பக்கத்து வெங்காய விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் வழியை அடைத்தார்கள். கொழும்பிலும் டாக்காவிலும் விலை எகிறியது. பால் விவசாயிக்கு வேலி கட்டிய அதே கை வெங்காய விவசாயியின் படலையைப் பூட்டியது. விவசாயிக்கு ஏதாவது கிடைத்ததா என்ற மூன்றாவது கேள்விக்கு, பால்காரருக்குக் கிடைத்தது, வெங்காயக்காரருக்கு அதே ஆண்டில் பறிபோனது என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலேயே இருக்கும் இரண்டு பக்கம்

வடக்கிலிருந்து வந்த பெரியவர்களுக்கு 1970 முதல் 1977 வரையான காலம் நினைவிருக்கும். அன்றைய சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு வாலிபர் குடியேற்றங்களில் செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டியவர்களைப் பற்றி இன்றும் கதை சொல்வார்கள். 1977இல் வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது. மிளகாய் விலை விழுந்தது. அந்த நிலங்களில் பின்னால் நடந்த துன்பங்களுக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் வாலிபனுக்கு மண்ணில் இருந்த நம்பிக்கை தளர்ந்ததற்கு இதுவும் ஒன்று.

அதே ஏழு ஆண்டை ஒரு கூலித் தொழிலாளியிடம் கேட்டால் பாண் வரிசையையும், மரவள்ளிக்கிழங்கையும், துணிக்குக் கூப்பன் தேடி அலைந்ததையும் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இடம்பெயர்ந்த குடும்பம் இந்த இரண்டு உண்மையையும் ஒரே உடலில் சுமக்கிறது. 1990இல் ஊரை விட்டு வந்து ஓலைக் குடிசையில் இருந்த நாட்களில் நீங்கள் வாங்குபவர் மட்டுமே. அரிசியும் பருப்பும் பால்மாவும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் மலிவாக இருந்தால் போதும். பிறகு அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, கிணறு வெட்டி, முதல் வெங்காயத்தைப் பிடுங்கிய நாளில் விற்பவரும் ஆகிவிட்டீர்கள். காலையில் தோட்டத்தில் நிற்கும்போது தீர்வை வேண்டும். மாலையில் கடைக்குப் போகும்போது வேண்டாம். மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தால் மூன்றாவது பக்கமும் சேர்ந்துகொள்ளும். ஐரோப்பா 2010 ஓகஸ்டில் நமது ஆடைகளுக்கான ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தி 2017 மே மாதத்தில்தான் திரும்பக் கொடுத்தது. அந்த இடைவெளியில் வெளிச்சந்தைக் கதவு சாத்துப்பட்டால் தொழிற்சாலை வாசலில் என்ன நடக்கும் என்று பல குடும்பங்கள் கண்டன. ஆகவே வேலியை ஒரேயடியாக உயர்த்து என்று கத்துவதும், பிடுங்கி எறி என்று சொல்வதும் உங்கள் வீட்டுக் கணக்குக்கு ஒத்து வராது. எந்தப் பொருளுக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

நமது வாசலில்

இந்தியா எழுந்து வந்த அதே மண்டபத்துக்குள் நுழைய இலங்கை 2023இல் விண்ணப்பம் கொடுத்தது. 2024 பெப்ரவரி 3ஆந் திகதி தாய்லாந்தோடு ஒரு சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. இவை பற்றி நமது விவசாயிகள் சங்கங்களில் எத்தனை கூட்டம் நடந்தது? பாங்கொக் மாநாட்டுக்கு முன் இந்தியாவில் பால் ஊற்றும் பெண்கள் வரைக்கும் இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. நமக்கு வானொலிச் செய்தியில் அரை நிமிடம்.

இதுவரை நமது வெங்காயத்தைக் காத்ததும் கெடுத்ததும் உடன்படிக்கைகள் அல்ல, வர்த்தமானி அறிவித்தல்கள். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ், அமைச்சர் ஓர் அறிவித்தலால் வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் போன்றவற்றின்மேல் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று அறவிட முடிந்தது. அறுவடை மாதத்தில் கூட்டி, தட்டுப்பாட்டு மாதத்தில் குறைத்தால் அது நல்ல வேலி. ஆனால் நாம் பிடுங்கத் தொடங்கிய வாரத்தில் கப்பல் வந்து இறங்கிவிட்டு, அடுத்த வாரத்தில் அறவீடு கூடினால், லாபம் கிட்டங்கிக்காரருக்குத்தான். இந்தக் குறை நமது சொந்த வீட்டுக்குள் திருத்தக்கூடியது. அதற்கு எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை.

உடன்படிக்கையின் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்த்த பின் நிலைமை வேறு. அப்போது அமைச்சர் நினைத்தாலும் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஆர்செப்பில் இந்தியா இல்லாதபடியால் இந்திய வெங்காயம் அந்த வழியால் வராது. சீனாவின் உள்ளியும், நியூசிலாந்தின் பால்மாவும் வரும். கற்பிட்டிப் பக்கத்தில் மாடு வைத்துப் பால் விற்பவர்கள் இருக்கிறார்கள். பால்மா டின்னில் தேநீர் குடிப்பவர்களும் அவர்களே. இதில் எது எதிர்மறைப் பட்டியலில் நிற்க வேண்டும் என்பதைக் கொழும்பில் இருந்து எழுதுபவர்கள் நம்மைக் கேட்காமலே எழுதிவிடுவார்கள், நாம் போய்ச் சொல்லாவிட்டால்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் சென்ற இரண்டு போக வெங்காய விற்பனைச் சிட்டைகளைக் கொண்டு வாருங்கள். எந்தத் திகதியில் என்ன விலைக்கு விற்றீர்கள் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில், அந்த மாதங்களில் அறவீடு கூடிய குறைந்த திகதிகளை எழுதுங்கள். பிரதேச செயலகத்திலோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டுப் பார்க்கலாம். பெண்கள், அதே மாதங்களில் வீட்டுக்கு வாங்கிய அரிசி, பருப்பு, பால்மா விலைகளை இன்னொரு தாளில் எழுதட்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மூன்று பொருளை எந்த உடன்படிக்கையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்த மூன்றையும், காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியைச் சங்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதை விவசாய அமைச்சுக்கும் வர்த்தகத் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அனுப்பிய திகதியைக் குறித்து வையுங்கள்.